சேஃப்டி ஷூ போட்டு ஆடப்போன ஞாயிற்றுக்கிழமை

பெங்களூரில் ஆட்டம் போட இடம் தேடிய என் மகளையும் அவளுடைய தோழிகள் நாலைந்து பேரையும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிவைத்தவன் நான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச முடியும். போன மாதம் நடந்தது. அன்றிலிருந்து வீட்டில் நான் எந்தக் கடைக்கு, எந்தக் கோயிலுக்கு வழி சொன்னாலும், "வெறும் வயித்துல போகணுமா, சாப்டுட்டுப் போகணுமாப்பா?" என்று கேட்கிறாள்.

அவளுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஓசூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். கூட வேலை செய்யும் பெண்ணுக்குப் பிறந்தநாள் என்று, எங்கே போய் ஆடலாம் என செல்போனில் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. யாரும் கேட்காமல் நான் சொன்ன யோசனைகள்தான் என் வாழ்க்கையின் முக்கால்வாசி விபத்துகளுக்குக் காரணம். எட்டிப் பார்த்தேன். திரையில் வந்த இடங்கள் எல்லாமே உணவு விடுதி போல இருந்தன. நாற்காலி, மேஜை, மேஜைமேல் பெரிய தட்டு, தட்டின் நடுவில் சின்னதாக ஏதோ ஒன்று.

"இதெல்லாம் ஆடற எடமாம்மா? ஆடறதுன்னா தரை இருக்கணும். நான் சொல்றன் பாரு" என்று ஆரம்பித்தேன். எம்.ஜி. ரோட்டில் இறங்கி, பின்பக்கம் போகிற இரண்டாவது சந்தில் திரும்பினால் மூலையில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதற்கு எதிரே மாடிப்படி. மேலே கறுப்புக் கண்ணாடிக் கதவு. "உள்ள தரையே கண்ணாடி. அடியில லைட்டு எரியும். நீ கால் வெக்கிற எடமெல்லாம் கலர் மாறும்."

மகள் என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். "நீங்க போயிருக்கீங்களாப்பா?"

"போகாமயா?" என்றேன். சமையலறையில் கரண்டிச் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு தொடர்ந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் செல்போனுக்கு ஒரு படம் வந்தது. அதே மரம். அதே மாடிப்படி. மேலே கதவு வெள்ளையாகியிருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய ரத்தத்துளியின் படம் போட்ட பலகை. கீழே மகளின் குரல் பதிவு: "அப்பா, ரிசப்ஷன்ல இருக்கற அக்கா ஃபுல் பாடியா, சுகர் மட்டுமான்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?" பின்னால் பல பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம்.

அந்தப் படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாடிப்படியின் கைப்பிடிச் சுவர் முடிகிற இடத்தில் ஒரு பித்தளைக் குண்டு. அது மட்டும் மாறவேயில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன். உள்ளங்கையில் அதன் குளிர்ச்சி இன்னும் இருக்கிறது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் இருக்கிறது.

நாகரசம்பட்டியிலிருந்து ஐ.டி.ஐ. சான்றிதழோடு கிளம்பி ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஆபரேட்டராகச் சேர்ந்த காலம். வண்டிகளுக்கான சின்னச் சின்னத் தகடுகள் அடிப்போம். தகட்டை வைக்க வேண்டும், இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும், மெஷினின் இடி விழுந்ததும் எடுத்துப் பக்கத்துக் கூடையில் போட வேண்டும். கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டு பட்டன். ஷிஃப்ட் முழுக்க இதேதான். தூக்கத்திலும் என் கைகள் வைக்கும், அமுக்கும், எடுக்கும், போடும். கல்யாணமான புதிதில் மனைவி இரண்டு நாள் பயந்துபோனாள்.

அந்தக் கம்பெனியில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சம்பளமில்லாத வேலை. பெங்களூரில் எங்கே ஆடலாம் என்பதற்கு நான்தான் ஆலோசகர். கேன்டீனில் ஆபீசர்கள் படித்துவிட்டுப் போட்ட இங்கிலீஷ் பேப்பரில் வாரக் கடைசியில் ஒரு வண்ணப் பக்கம் வரும். எந்த கிளப்பில் எந்த நாள் என்ன பாட்டு, யாருக்கு அனுமதி, எல்லாம் அதில் இருக்கும். சாம்பார் வாசனை அடிக்கும் அந்தப் பக்கத்தை நான் மடித்து எடுத்துப் போய், தெரிந்த இங்கிலீஷுக்குப் படித்தும் தெரியாத இங்கிலீஷுக்குக் கற்பனை செய்தும் டீ நேரத்தில் விளக்குவேன். இந்த இடத்தில் மரத்தரை, அந்த இடத்தில் கண்ணாடித் தரை, இன்னோர் இடத்தில் மேலிருந்து சோப்பு நுரை கொட்டும் என்றெல்லாம் சொல்வேன். கேட்டவர்கள் யாரும் போனதில்லை. என் தொழில் நிலைத்திருந்ததற்கு அதுதான் காரணம்.

நான் போயிருந்தேனா என்றால், ஒரே ஒருமுறை தனியாக அந்த மாடிப்படி வரை போனேன். வாசல்காரர் என் ரப்பர் செருப்பைப் பார்த்தார், எனக்குப் பின்னால் யாரும் இல்லாததையும் பார்த்தார். ஷூ இல்லாமல் அனுமதியில்லை, ஜோடி இல்லாமலும் அனுமதியில்லை. அந்தப் பித்தளைக் குண்டைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றேன், பிறகு கீழே இறங்கி வந்து ஒரு கரும்பு ஜூஸ் குடித்துவிட்டு ஊர் திரும்பினேன். திங்கட்கிழமை டீ நேரத்தில் ஷூ விஷயத்தையும் ஜோடி விஷயத்தையும் மட்டும் நிபுணர் கருத்தாகச் சேர்த்துக்கொண்டேன்.

இந்த நிபுணரை நம்பியவள் ரேணுகா.

ரேணுகா பாகலூர்ப் பெண். நாங்கள் அடித்த தகடுகளை லென்ஸ் வைத்துப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கும் பகுதியில் இருந்தாள். அவளுடைய அப்பா ரோஜா வளர்க்கும் பசுமைக்குடிலில் வேலை பார்த்தார். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களோடு தமிழ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் திட்டு வாங்குகிறவன் பொத்தாம்பொதுவாகத் தலையாட்டுவான்.

எங்கள் பக்கம் கம்பெனிகளில் ஆயுத பூஜைதான் பெரிய பண்டிகை. மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி பொட்டலம் கொடுப்பார்கள். அன்றைக்கு மட்டும் வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். மேடை போட்டு ஆட்டம் பாட்டம் இருக்கும். அந்த வருஷம் மேடையில் ரேணுகா ஆடினாள். நான் ஆட்டம் தெரிந்தவன் இல்லை. ஆனால் பிரஸ் ஷாப் ஆட்கள் முழுக்க, இடிச் சத்தத்தில் பாதிக் காது போனவர்கள், பொரியை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிவதற்குள் ஏனோ அவள் கை தாழ்ந்துவிட்டது. சட்டென்று கும்பிட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

சில மாதம் கழித்து கேன்டீனில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, ஏதோ லீவு சொல்வது போலச் சொன்னாள். மாமன் மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு அனுப்ப மாட்டார்கள்.

"அண்ணா, நீ சொல்லுவியே, கண்ணாடித் தரைன்னு. அது நெஜமாவே இருக்குதா?"

"இருக்குதாவா? அடியில லைட்டு எரியும்மா. நீ கால் வெக்கிற..."

"அதத்தான் நூறு வாட்டி சொல்லிட்ட. இந்த ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போ. எனக்கு அதுக்கப்பறம் ஞாயித்துக்கெழமயே கெடையாது."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அன்னிக்கு ஆயுத பூஜைல எங்க சித்தப்பா மொத வரிசைல உக்காந்துட்டாருண்ணா. கையத் தூக்கறப்பல்லாம் அவரு மூஞ்சிதான் தெரியுது. ஒரே ஒருவாட்டி, கால் வலிக்கிற வரைக்கும் ஆடணும். அவ்ளோதான். அப்பறம் மாங்கா பொறுக்கப் போறேன்."

மறுப்பதற்கு எனக்கு நல்ல காரணம் இருந்தது. எனக்கு எதுவுமே தெரியாது என்பதுதான் அது. அதைச் சொல்லக்கூடிய ஆளாக நான் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

நல்ல வேளையாக அந்த இடத்தில் ஞாயிறு மத்தியான ஆட்டம் ஒன்று உண்டு. இப்போதைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. காலேஜ் பிள்ளைகள் சாயங்காலத்துக்குள் வீடு திரும்ப வேண்டுமே, அதற்காக மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கிளப்பைத் திறந்துவிடுவார்கள். குடிக்க கலர் சோடா மட்டும். ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் மூடி, பட்டப்பகலை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே ஆடுவார்கள். ரேணுகாவுக்குத் தோதான நேரம். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"ஜோடியா போனாத்தான் விடுவாங்க. பொண்ணுங்க தனியாப் போனா சேக்க மாட்டாங்க" என்று நிபுணர் சொன்னார். ஆகவே நான்கு பேர் என்று முடிவானது. ரேணுகாவுக்கு நான். ரேணுகாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தகடு பார்க்கும் சரசுவுக்கு என் அறைத்தோழன் அன்வர். சரசு திருப்பத்தூர்ப் பெண், எதற்கும் சிரிப்பவள். அன்வர் கிருஷ்ணகிரிக்காரன், வியாபாரக் குடும்பம். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கம்பெனிக்கு வந்தவன்.

அடுத்த சிக்கல் ஷூ. எங்கள் அறையில் இருந்தது இரண்டே ஜோடி, இரண்டும் கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ. பார்த்திருப்பீர்கள். கறுப்புத் தோல், தடித்த அடி, முன்பக்கத்தில் தோலுக்குள் இரும்புத் தொப்பி. மெஷினில் மாட்டும் டை என்கிற இரும்பு அச்சு மேலே விழுந்தாலும் விரல் தப்பும். போட்டுக்கொண்டு நடந்தால் காலில் இரண்டு செங்கல்லைக் கட்டியது போல இருக்கும். சனிக்கிழமை பாலீஷ் டப்பா ஒன்று காலியாகும்வரை தேய்த்தோம். அன்வர் ஒன்றைத் தூக்கிப் பிடித்து பல்பு வெளிச்சத்தில் பார்த்தான்.

"மாப்ளே, ஜி.எம். ஷூ மாதிரியே கீதுடா."

பாலீஷ் வாசனையும், எத்தனை தேய்த்தாலும் போகாத மெஷின் எண்ணெய் வாசனையும் கலந்து அறையில் நின்றது. இன்றைக்கும் எங்காவது ஷூ பாலீஷ் வாசனை வந்தால் எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வருவதில்லை. பள்ளிக்கூடத்துக்கு நான் ஷூ போட்டதேயில்லை. டான்ஸ்தான் ஞாபகம் வரும்.

பிறகு டேப் ரிக்கார்டரைப் போட்டு ஒத்திகை. அன்வர் நன்றாக ஆடுவான். நான் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக்குள் போய், கைகளை அதன் போக்கில் விட்டேன். கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றது. அன்வர் டேப்பை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"டேய், உன்னை ஆடச் சொன்னா ப்ரொடக்‌ஷன் குடுக்கற?"

என் கைகள் வைத்து, அமுக்கி, எடுத்து, போட்டுக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கூடினோம். ரேணுகா ஓவர்டைமுக்குப் போகிற பெண்ணாகவே வந்திருந்தாள். சுடிதார், கம்பெனி கொடுத்த மெத்து மெத்தென்ற வெள்ளை ஷூ, தோளில் பை, பைக்குள் சாப்பாட்டு டப்பா. சாப்பாடு இல்லாமல் ஓவர்டைமுக்குக் கிளம்பினால் அம்மா சந்தேகப்படுவாளாம்.

பஸ்ஸில் ரோஜாப் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். அந்த வாசனையோடு அத்திப்பள்ளி தாண்டினோம். அங்கே ஒரு பழக்கம் உண்டு. அதுவரை "ஏம்ப்பா சில்ற குடு" என்று கேட்டுக்கொண்டிருந்த கண்டக்டர், எல்லை தாண்டியதும் அதையே கன்னடத்தில் கேட்பார். பயணிகளும் அதே இடத்தில் பேச்சை மாற்றிக்கொள்வார்கள். நான் ரேணுகாவிடம் சொன்னேன்: "நீயும் இங்கேருந்து மாத்திக்க. வாசல்ல என்னை அண்ணான்னு கூப்பிடாத. ஜோடின்னு சொல்லியிருக்கறோம்."

"பின்ன என்னான்னு கூப்புடறது?"

"பேரச் சொல்லிக் கூப்புடு."

முயற்சி செய்தாள். வாய் வரவில்லை. "அய்யோ ராமா, முடியலண்ணா" என்றாள். சரசு சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அன்வர் சரசுவைப் பார்த்து "டார்லிங்" என்றான். அவள் "செருப்பு பிஞ்சிடும்" என்றாள். "செருப்புக்கு அங்க அனுமதியில்ல" என்றான் அவன்.

அந்த மாடிப்படி. அந்தப் பித்தளைக் குண்டு. மேலே வாசலில் பெரிய மீசை வைத்த காவலாளி, கையில் உலோகம் கண்டுபிடிக்கும் கருவி. எனக்கு முன்னால் போன காலேஜ் பையன்களை மேலிருந்து கீழாக ஒரு தடவு தடவி அனுப்பினார். என் முறை. தோள் சும்மா இருந்தது. இடுப்பில் பெல்ட்டுக்கு மெல்ல ஒரு சத்தம். முழங்கால் சும்மா. பாதத்துக்கு வந்ததும் கருவி அலறியது. ஷிஃப்ட் மாறுகிற சங்கு மாதிரி அலறியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒரு படி இறங்கிக்கொண்டார்கள்.

காவலாளி குனிந்து தடியால் என் ஷூ முனையைத் தட்டினார். டங் என்றது. அன்வருடையதைத் தட்டினார். அதுவும் டங். கதவுப் பக்கம் திரும்பி, "ஷூ ஒளகெ கப்ண இதெ!" என்று கத்தினார். ஷூவுக்குள் இரும்பு இருக்கிறதாம். டை கட்டிய ஒரு பையன் வந்து எட்டிப் பார்த்தான். எங்கள் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடி காலைப் பார்த்தான். முடியவே முடியாது, உள்ளே கண்ணாடித் தரை, இதைப் போட்டுக்கொண்டு ஒரு குதி குதித்தால் கீழ்மாடிக்குப் போய்விடும் என்றான்.

ஆக, கண்ணாடித் தரை நிஜமாகவே இருந்தது. அத்தனை வருஷம் ஊரெல்லாம் நான் பரப்பிய தரை. அதே தரைதான் என்னை உள்ளே விடவில்லை. அந்த நிலையிலும் "பாத்தியா, சொன்னேன்ல?" என்று ரேணுகாவிடம் சொல்ல எனக்கு வாய் துடித்தது.

கழற்றிவிட்டு வெறுங்காலோடு வருகிறோம் என்றான் அன்வர். வெறுங்காலுக்கும் அனுமதியில்லை. காவலாளிக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது போலிருந்தது. பெண்களைக் காட்டி, எங்களிடம் தமிழிலேயே கேட்டார்: "இவங்க உங்களுக்கு யாரு?"

ரேணுகா பதற்றத்தில் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, இவரு என்னாண்ணா கேக்கறாரு?"

அண்ணா என்ற வார்த்தைக்கு அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமும் அதே அர்த்தம்தான். காவலாளியின் மீசை இரண்டு பக்கமும் ஏறியது. அவர் ரேணுகாவுக்குக் கதவைக் காட்டினார். "பொண்ணுங்களுக்கு ஜோடி கீடி ஒன்னும் வேணாம்மா. அதெல்லாம் ஆம்பளைங்களுக்குத்தான். நீங்க ரெண்டு பேரும் உள்ள போங்க. இவங்க கீழ நிக்கட்டும்."

நிபுணர் அந்த நொடியில் பதவி இழந்தார். பெண்களுக்கு நாங்கள் தேவையே இல்லை. உள்ளே போவதற்கு எங்களுக்குத்தான் அவர்கள் தேவை. அதை இத்தனை நாளும் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பாதுகாப்புக்கு வருகிற அண்ணன்களாக விரைப்பாக வந்திருந்தோம்.

அப்போது நான் சொன்னதை நினைத்தால் இன்றும் காதெல்லாம் சூடாகிறது. "அப்பிடின்னா யாரும் போக வேணாம். வாங்க, லால்பாக் போயி ஒக்காந்துட்டு வரலாம். அங்கயும் கண்ணாடி மாளிகை இருக்குது" என்றேன். பொறுப்பான குரலில் சொன்னேன். கிளப்பில் இடம் கிடைக்காதவனின் குரல் எவ்வளவு பொறுப்பாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

சரசு முதல்முறையாகச் சிரிப்பதை நிறுத்தினாள். ரேணுகா பித்தளைக் குண்டின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். யாரோ உள்ளே போகக் கதவு திறந்தது. குளிர்ந்த காற்றும் சென்ட் வாசனையும் தடதடவென்ற தாளமும் வெளியே வந்து எங்கள்மேல் கொட்டின. கதவு மூடிக்கொண்டது. அவள் பைக்குள் கையை விட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள். "புளிசாதம். சாப்புடுங்க" என்றாள். சரசுவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாள். மெத்து ஷூ, சத்தமே வரவில்லை. கதவு இன்னொருமுறை திறந்து மூடியது.

நாங்கள் தூங்குமூஞ்சி மரத்தடியில் யாருடைய ஸ்கூட்டர்கள் மேலோ உட்கார்ந்தோம். தாளம் சுவர் வழியாக இறங்கி, தரை வழியாக வந்து, என் ஷூவின் இரும்புத் தொப்பியில் அதிர்ந்தது. விரல் கூசியது. "கால்ல கரண்ட்டு அடிக்கற மாதிரி கீது மாப்ளே" என்றான் அன்வர். அவனுக்குப் பொறுக்கவில்லை. இறங்கி, நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவில் ஆட ஆரம்பித்தான். டங்கு டங்கென்று சத்தம். நானும் இறங்கினேன். ப்ரொடக்‌ஷன் கொடுத்தேன். பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா கூடையை எங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் காவலாளி டீ குடிக்கக் கீழே வந்தார். புளிசாதத்தில் அவருக்கும் பங்கு கொடுத்தோம். எங்கள் ஷூவையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஓசூர்ல எந்தக் கம்பெனிப்பா? எம் மச்சான் ஒருத்தன் சும்மா சுத்திட்டிருக்கறான். உள்ள சேத்துவிட முடியுமா?" எங்கள் கேட்டில் நிற்கும் காவலாளியைத் தாண்டி உள்ளே போக அவருடைய மச்சானுக்கு ஆசை. அவர் நிற்கும் கேட்டைத் தாண்டி உள்ளே போக எங்களுக்கு ஆசை.

வெயில் இறங்கிய பிறகுதான் அவர்கள் வந்தார்கள். சரசு அன்வரின் தோளில் கையூன்றி நொண்டிக்கொண்டே சிரித்தாள். ரேணுகாவின் பின்னல் அவிழ்ந்து கிடந்தது. நெற்றியில் முடி ஈரமாக ஒட்டியிருந்தது. முகம் சிவந்திருந்தது. "எப்பிடி இருந்துச்சு?" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். நான் இரண்டு மூன்று முறை கேட்டேன். கண்ணாடித் தரை எப்படி, கலர் மாறியதா, நுரை கொட்டியதா. கையை அசைத்து, விடு என்பது போலக் காட்டினாள். ஓசூரில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டுக் குழாயில் முகத்தைக் கழுவினாள். பின்னலை இறுக்கிப் போட்டாள். காலி டப்பாவை வாங்கிப் பைக்குள் வைத்தாள். ஓவர்டைம் முடிந்து களைத்து வரும் பெண்ணாக ஆகி, பாகலூர் பஸ்ஸில் ஏறி, கண்ணாலேயே போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கெடுத்துவிட்டோம் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அவளுக்கு இருந்த ஒரே ஞாயிற்றுக்கிழமை. கூட்டிப் போனவர்களை வாசலில் நிறுத்திவிட்டு, தெரியாத கூட்டத்துக்கு நடுவே, மனம் ஒட்டாமல் ஒரு மூலையில் நின்றுவிட்டு வந்திருப்பாள். ஷூ கடன் வாங்கக்கூட மூளையில்லாமல் போயிற்றே. அடுத்த மாதம் கல்யாணத்துக்குப் போய் சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தோம். மேடையில் அவள் மாமன் மகனுக்குப் பக்கத்தில் குனிந்த தலையோடு நின்றதைப் பார்த்து எனக்கு இன்னும் பாரமாக இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். காவலாளி, டங் சத்தம், ப்ரொடக்‌ஷன் எல்லாம் சொல்வேன். பஸ்ஸில் அவள் பேசாமல் வந்ததை மட்டும் சொல்ல மாட்டேன்.

இப்போது அதில் எதுவும் இல்லை. கொஞ்ச காலத்திலேயே பெங்களூரில் ஆடுவதற்கு ஏதேதோ அனுமதிகள் கேட்க ஆரம்பித்தார்கள். பல இடங்களில் தரைமேல் மேஜையைப் போட்டுச் சாப்பாட்டுக் கடையாக்கிவிட்டார்கள். மத்தியான ஆட்டம் என்று ஒன்று இருந்ததைச் சொன்னாலே மகள் நம்ப மறுக்கிறாள். கேன்டீனில் பேப்பர் போடுவதில்லை, எல்லோரும் செல்போனைப் பார்த்தபடி சாப்பிடுகிறார்கள். என் பிரஸ் மெஷினுக்கு முன்னால் மஞ்சள் வண்ணத்தில் ஒரு இயந்திரக் கை வந்துவிட்டது. வைக்கிறது, எடுக்கிறது, போடுகிறது. நான் செய்ததை விட நளினமாகத்தான் செய்கிறது. அதையும் யாரும் எந்த கிளப்பிலும் உள்ளே விட மாட்டார்கள் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் தலைவாரி, கலர் சட்டை போட்டு, பெங்களூர் பஸ்ஸுக்கு நிற்பார்கள். காலைப் பாருங்கள். பாலீஷ் போட்ட சேஃப்டி ஷூ. ஒருமுறை ஒருவனிடம் போய், "தம்பி, அங்க மெஷின் கத்தும்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லப் பார்த்தேன். அவன் பர்ஸ் இருக்கிறதா என்று பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

போன வாரம் கிருஷ்ணகிரி போனேன். அன்வர் அப்பாவோடு சமாதானமாகி, இப்போது ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறான். என்ன கடை என்கிறீர்கள்? செருப்புக் கடைதான். "அன்னிக்கி பட்ட அவமானத்துலதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். ரத்தப் பரிசோதனை நிலையக் கதையை அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா உள்ளே வந்து, நடப்பதற்கு ஷூ வேண்டும் என்றார்.

"சுகரு ஏறிப்போச்சு. தெனமும் நடக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு."

குரலைக் கேட்டதும் திரும்பினேன். ரேணுகா. முன்நெற்றியில் நரை. கையில் மாம்பழ மண்டியின் பெயர் போட்ட பை. என்னைப் பார்த்ததும், "அய்யோ ராமா, அண்ணா!" என்றாள். அதே அண்ணா. அன்வர் பரிசோதனை நிலையக் கதையை எனக்கு முன்னால் முந்திக்கொண்டு சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப இனிமே நான் டெஸ்ட்டுக்கு அங்கதான் போகணும்" என்றாள்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஷூவை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி எப்போது கேட்பது என்று கேட்டேவிட்டேன். "ரேணுகா, அன்னிக்கு நீ பஸ்ஸுல ஒரு வார்த்தகூடப் பேசல. இத்தன வருஷமா எனக்கு அது உறுத்திட்டே இருக்குது. நாங்க உள்ள வராம உன் ஆசையக் கெடுத்துட்டமோன்னு..."

லேஸ் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "எப்பிடிப் பேசறது? கத்திக் கத்தி தொண்ட கட்டிப்போச்சு. ரெண்டு நாளைக்கு வீட்ல சுக்குக் கஷாயம் குடிச்சேன்."

அன்வர் ஷூ அட்டைப்பெட்டியில் முகத்தை மறைத்துக்கொண்டான்.

ரேணுகா எழுந்து, புது ஷூவோடு தரையில் இரண்டு முறை குதித்துப் பார்த்தாள். சத்தம் வரவில்லை என்றதும் திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"உங்க ஷூ கத்துனதே நல்லதாப் போச்சுண்ணா. நீ உள்ள வந்திருந்தா, இது என்னா, அது என்னான்னு வெளக்கம் சொல்லிட்டே நின்னுருப்ப. நான் எங்க ஆடறது?"